நிழற்சண்டை – 11: அடி வாங்கியவனின் முறை

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் மண்டபத் தூண்களில் இரண்டு வீரபத்திரர்கள் நிற்கிறார்கள். ஒருவரை அக்கினி வீரபத்திரர் என்றும் மற்றவரை அகோர வீரபத்திரர் என்றும் சொல்வது வழக்கம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில் இது. ரதி, மன்மதன் சிலைகளின் நளினமும் இதே மண்டபத்தில் இருப்பதால் வீரபத்திரர்களின் உக்கிரம் இரட்டிப்பாகத் தெரிகிறது. தன்னை அழைக்காமல் தக்கன் நடத்திய வேள்வியை அழிக்கச் சிவன் ஏவிய உருவம் அது. புராணக் கணக்கில் அன்று ஒருவர் கண்ணை இழந்தார், ஒருவர் பல்லை இழந்தார், தக்கன் தலையையே இழந்தான். கல்லில் இதைப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது. ஆனால் அதே கதையை, அதே வெட்டையும் குத்தையும், மாணிக்கவாசகர் விளையாட்டுப் பாட்டாக்கியிருக்கிறார். அங்கே சிரிப்பு வருகிறது. ஒரே வன்முறை ஓரிடத்தில் அச்சமாகவும் ஓரிடத்தில் நகைப்பாகவும் ஆவதற்கு என்ன காரணம்? விளக்கொளியில் தட்டையான உருவங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் வேடிக்கையின் வரலாற்றைச் சொல்லிவரும் இந்தத் தொடரில், இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. அடி வாங்கியவனுக்கு அடுத்த முறை உண்டா என்பதுதான் அந்த எல்லைக்கோடு என்பது என் கருத்து. அவனோ அவன் சார்பில் வேறொருவரோ திருப்பி அடிக்க, திருப்பிச் சொல்ல, குறைந்தபட்சம் எழுந்து ஓட வழியிருந்தால் அது வேடிக்கை. அந்த வழியை அடைத்துவிட்டால் எத்தனை கோமாளித்தனம் சேர்த்தாலும் சிரிப்பு ஒட்டுவதில்லை.

திருவாசகத்தின் திருவுந்தியார் பெண்கள் உந்தி பறந்து ஆடும் ஆட்டத்துக்கான பாட்டு. ஆட்டத்தின் தாளத்துக்கு ஏற்ற சின்னச் சின்ன அடிகள், பெரும்பாலானவற்றில் ஒரு அடிதடி. முப்புரம் எரித்த கதையைச் சொல்லும்போதே கேலி தொடங்கிவிடுகிறது. அந்தப் போருக்கு ஒரே ஒரு அம்புதான் கொண்டுபோனார், அதுவும் தேவைக்கு மிஞ்சியதாம். பிறகு வேள்விச்சாலைக்குள் நுழைந்ததும் காட்சிகள் சரமாரியாக வருகின்றன. அவியை வாரி விழுங்க நீண்ட அக்கினியின் கை போகிறது. கலைமகளின் மூக்கு போகிறது. கதிரவனின் பற்கள் நொறுங்குகின்றன. தேவர் கோமானாகிய இந்திரன் ஒரு குயிலாகி மரத்தில் ஏறித் தப்புகிறான். தக்கனுக்கோ ஆட்டுத்தலை பொருத்தப்படுகிறது. பக்தி இலக்கியம் என்ற மரியாதையோடு மட்டும் படிப்பவர்கள் இந்தப் பாட்டின் துள்ளலைத் தவறவிடுகிறார்கள். இங்கே யாருடைய கதையும் முடிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குயிலான இந்திரன் மறுபடி இந்திரனாவான். ஆட்டுத்தலையோடு தக்கன் எழுந்து வாழ்வான். பல்லிழந்த கதிரவனின் கதை வேத மரபிலேயே உண்டு: கதிரவனின் வடிவமான பூடனுக்குப் பல் இல்லையென்பதால் அவனுக்குரிய அவியை மாவாக அரைத்துக் கொடுப்பார்கள். அதாவது அடி வாங்கியவனுக்கு மறுநாள் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு இருக்கிறது. இதே திருவாசகத்தில் திருச்சாழல் என்று இன்னொரு விளையாட்டுப் பாட்டும் இருக்கிறது. ஒருத்தி சிவனைக் குத்திப் பேசுவாள், உடனே மற்றவள் பதிலடி கொடுப்பாள். ஒவ்வொரு பாட்டிலும் பாதி தாக்குதல், பாதி தடுப்பு. அடிதடியும் மாற்றுப்பேச்சும் அக்கம்பக்கத்தில் வைக்கப்பட்ட ஆட்டங்கள் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

மாணிக்கவாசகர் கூத்தன் என்று அழைத்த குற்றாலத்து இறைவன், அந்த ஊரின் சித்திரசபையில் சிலையாக இல்லை. சுவரில் தீட்டிய ஓவியமே அங்கே ஆடும் நடராசர். ஐந்து சபைகளில் தட்டையான உருவம் ஆடுவதாக நம்பி வழிபடப்படும் சபை இது ஒன்றுதான். அதை நிழற்கூத்துக்கு மூலம் என்று சொல்ல நான் துணிய மாட்டேன், சான்று கிடையாது. ஆனால் தட்டைப் படத்துக்கு உயிர் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் மனம் இந்த வட்டாரத்துக்குப் பழக்கமானது என்பதற்கு அது போதும். அடுத்து, குற்றாலக் குறவஞ்சி. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியது. அதன் பிற்பகுதியில் மனைவி சிங்கியைத் தேடி அலைந்த சிங்கன், அவளைக் கண்டதும் அவள் உடம்பில் மின்னும் புதுநகைகளைப் பார்த்துச் சந்தேகப்படுகிறான். காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் விடை சொல்கிறாள். ஒரு குடும்பச் சண்டை அடியில் போய் முடியக்கூடிய இடம் அது. கவிராயர் அதைக் கேள்வி பதிலாக, முறைவைத்து ஆடும் ஆட்டமாக மாற்றிவிட்டார். குறவஞ்சியின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்பது என் மதிப்பீடு.

இனி, ஆட்டுத்தோலில் வெட்டிய உருவங்களுக்கு வருவோம். தென்காசி 2019 நவம்பர் 22 அன்றுதான் தனி மாவட்டமானது. அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. அந்த நெல்லைச் சீமையிலும் குமரி மாவட்டத்திலும் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தோல்பாவைக் கூத்து நடத்தியவர்கள் மண்டிகர் எனப்படும் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். ஆண்களின் பெயர்கள் பெரும்பாலும் ராவ் என்று முடியும். தஞ்சையில் மராட்டிய ஆட்சி நிலவிய 1676 முதல் 1855 வரையான காலத்தோடு தங்கள் வருகையை இணைத்துப் பேசுபவர்கள். மு. இராமசாமியும் அ.கா. பெருமாளும் இவர்களிடையே களப்பணி செய்து எழுதியிருக்கிறார்கள். ஒரு வெள்ளை வேட்டித் திரை, பின்னால் விளக்கு. முதலில் எண்ணெய் விளக்கு, பின்பு பெட்ரோமாக்ஸ், பின்பு மின்விளக்கு. சாயம் ஏற்றிய தோலில் உளியால் குத்திய துளைகள் வழியே ஒளி கசியும். ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா என்று குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கும். இராமனுக்கும் இராவணனுக்கும் அனுமனுக்கும் ஒரே மனிதர் குரல் கொடுப்பார். அந்தப் பெருங்கதையின் இடைவெளிகளில் நுழைபவர்கள்தான் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். இராமாயணம் பத்து நாள் நடந்தாலும் கூட்டம் காத்திருந்தது இந்த இருவருக்காக.

இவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பேசிப் பேசிச் சண்டைக்கு வருவது, அடித்துக்கொள்வது, மறுபடி பேசுவது. அடி என்றால் சாதாரண அடியில்லை. தலையில் மொத்துவது, உருட்டி எடுப்பது, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தூக்கி எறிவது. மனித உடம்பு தாங்காத அடி. தோல் தாங்கும், அதனால் பார்ப்பவர் மனமும் தாங்கும். அந்தக் கணத்தில் பாவையாட்டியின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் அடிப்பவன், மறு கையில் அடிபடுபவன், தொண்டையில் இருவர் குரலும். அடித்தவனுக்கு மட்டும் பேச்சுக் கொடுத்துவிட்டு அடிபட்டவனை ஊமையாக்கினால் அவர் கலையில் பாதி வீணாகும். அடிபட்டவனின் புலம்பல், சாபம், சாமர்த்தியம், குதர்க்கம் எல்லாம் வெளிவந்தால்தான் அடுத்த அடிக்கு வேளை வரும். கூத்தின் மற்ற பகுதிகள் ஓரளவு வரையறுக்கப்பட்ட கதையைப் பின்பற்றினாலும் இந்தப் பகுதி ஊருக்கு ஊர் மாறும், சிரிப்புக்கு ஏற்ப நீளும். ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டத்திலும் உச்சியில் குடுமியோடு ஜுட்டுப் போலிகாடு இருக்கிறான், பங்காரக்கா என்பவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அங்கே கலைஞர்கள் காலடியில் பலகை வைத்து மிதித்து அடியின் ஓசையை எழுப்புவார்கள். கன்னடத்தில் அந்தக் கோமாளிக்குக் கிள்ளேக்யாதன் என்று பெயர், அது பாவையாட்டும் சமூகத்தின் பெயரும்கூட. தங்கள் பெயரையே கோமாளிக்குக் கொடுத்து அடி வாங்கவைத்த மக்களின் பெருந்தன்மை என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

கூத்து கோயில் சார்ந்தது, இராமகதையின் புனிதச் சட்டத்துக்குள் அடங்கியது, அதைக் காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டோடு ஒரே வரிசையில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக்கூத்து பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தை வைத்து நடக்கிறது. புலவர்கள் பாட்டுக்குப் பொருள் சொல்லி இரவெல்லாம் வாதம் செய்வார்கள். திரைக்கு முன்னால் ஆளே இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும், ஏனெனில் பார்ப்பவள் பகவதி. அதை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பார்வையாளரற்ற நிலையைப் பற்றியே விரிவாக எழுதினார். உச்சிக்குடும்பனைப் போன்ற இரட்டையர் அங்கே ஆட்சி செய்யவில்லை. நெல்லைப் பக்கத்துக் கூத்தோ டிக்கெட் வாங்கிய கூட்டத்தை நம்பியது. காசு கொடுத்தவன் எழுந்து போய்விடாமல் பிடித்துவைக்க வேண்டும். அதனால் சிரிப்பும் அடியும் வளர்ந்தன. ஆக, காசும் திரையும் அடிதடி நகைச்சுவையும் கூடிய கூட்டணி இங்கே மின்னணு இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே உருவாகிவிட்டது. துருக்கியின் கரகோஸ் நிழலாட்டம் இதற்கு வெளிச்சாட்சி. அங்கும் தோல் பாவைகள், அங்கும் ஒரே கலைஞர் எல்லாக் குரலும், அங்கும் கரகோஸ், ஹாஜிவாத் என்று அடித்துக்கொள்ளும் இருவர். அடிபட்ட ஹாஜிவாத் மறுபடி வந்து பேசாமல் அங்கே ஆட்டம் நகராது.

இப்போது சிகாகோவுக்குப் போவோம். 1991இல் ஜப்பானின் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உலகெங்கும் காசு போடும் சண்டை இயந்திரங்களுக்கு வழி திறந்தது. 1992இல் சிகாகோவின் மிட்வே நிறுவனத்துக்காக எட் பூனும் ஜான் டோபியாஸும் உருவாக்கிய மோர்ட்டல் காம்பாட், வரைந்த உருவங்களுக்குப் பதில் நடிகர்களைப் படம்பிடித்துத் திரையில் இறக்கியது. தோற்றவன் தள்ளாடி நிற்கும்போது வென்றவன் சரியான வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் தலையைப் பிடுங்கலாம், இதயத்தைப் பறிக்கலாம். இதற்கு ஃபேட்டாலிட்டி என்று பெயர். 1993 டிசம்பர் 9 அன்று அமெரிக்க செனட்டில் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் இந்த வன்முறை பற்றி விசாரணை நடத்தினார்கள். அடுத்த ஆண்டு வயதுத் தரச்சான்று அமைப்பு பிறந்தது. இடையில் மோர்ட்டல் காம்பாட் 2 எதிராளியைக் குழந்தையாக்குவது, அவனுக்குப் பரிசு நீட்டுவது என்று கேலி முடிவுகளைச் சேர்த்துக்கொண்டது. இந்தச் சந்தையில் பங்கு கேட்டு வந்த பல இயந்திரங்களில் இரண்டு நம் வாதத்துக்கு வேண்டும். 1992இன் டைம் கில்லர்ஸில் சண்டையின் நடுவிலேயே கை வெட்டுண்டு விழும். கை போனவன் மிச்சமுள்ள உறுப்புகளோடு சண்டையைத் தொடர்வான். கோரம்தான், ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, ஏனெனில் அவன் முறை இன்னும் பாக்கி. இன்னொன்று, டேட்டா ஈஸ்ட் பின்பால் நிறுவனத்தின் டாட்டூ அசாசின்ஸ்.

பேக் டு த ஃப்யூச்சர் படத்தின் திரைக்கதையில் பங்குகொண்ட பாப் கேல்தான் டாட்டூ அசாசின்ஸின் கதைக்குச் சொந்தக்காரர். உடம்பில் பச்சைகுத்திய உருவங்கள் உயிர்பெற்று வந்து தாக்கும் என்பது அடிப்படைக் கற்பனை, நல்ல கற்பனையும்கூட. ஆனால் விளம்பரத்தில் முன்னால் நின்றது ஒரு எண்: 2196 முடிவு அடிகள். தோற்றவனை மிருகமாக்கலாம், அவன் மீது உணவுப் பண்டத்தை விழவைக்கலாம், அந்தப் படத்தில் வந்த டிலோரியன் காரை அவன் மேல் ஏற்றலாம். வயிற்றுப்போக்கு வரை போயிற்று கற்பனை. உதிரிகளாகக் கேட்டால் சிரிப்பு வரக்கூடிய சங்கதிகள். ஆனால் அவை அத்தனையும் ஒரே கணத்தில் குவிந்திருக்கின்றன: ஆட்டம் தீர்ந்து, தோற்றவன் கைகட்டி நிற்கும் கணம். அப்போது அவனுக்கு அசைவு இல்லை, பேச்சு இல்லை, குயிலாகிப் பறக்கும் கிளையும் இல்லை. இரண்டாயிரம் விதமாக அடிக்கக் கற்பனை செய்தவர்கள், அடி வாங்கியவன் என்ன சொல்வான் என்று ஒரு விதமாகக்கூடக் கற்பனை செய்யவில்லை. சில இடங்களில் சோதனைக்கு வைத்துப் பார்த்தார்கள், வரவேற்பு மோசம். கிட்டத்தட்ட முடிந்த நிலையில் இருந்த ஆட்டம் முறையாக வெளிவராமலே கைவிடப்பட்டது. இன்று அது அரிய பொருள் சேகரிப்பவர்களுக்கும் பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் மட்டும் தெரிந்த பெயர்.

வெளிவராத ஆட்டத்தை மக்கள் மறந்ததில் என்ன தத்துவம் என்று கேட்கலாம். கடைக்கு வந்திருந்தால் ஓடியிருக்குமோ என்னவோ. இந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு, ஆனால் அது வெளிவராததற்குக் காரணமே பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போனதுதான் என்பதை அது மறக்கிறது. இதைவிட வலுவான எதிர்ப்பு வேறொன்று: காசு போடும் சண்டை இயந்திரத்தில் தோற்றவனுக்கு அடுத்த முறை எப்போதும் உண்டே, இன்னொரு காயின் போட்டால் போதுமே? உண்மை. அந்த வாசல் இருந்ததால்தான் இவ்வகை ஆட்டங்கள் தழைத்தன என்றே நான் சொல்வேன். இங்கே அதற்குச் சிறந்த சான்று முஸ்தபா. காப்காம் 1993இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸை இந்தியாவில் அந்தப் பெயரால் அறிந்தவர் குறைவு. மஞ்சள் தொப்பி போட்டு ஓடிவந்து உதைக்கும் முஸ்தபா கெய்ரோவின் பெயராலேயே வீடியோ கேம் கடைகளில் அந்த ஆட்டம் வழங்கியது. மூன்று பேர் வரை ஒன்றாக ஆடலாம். அடியாட்கள் பறந்து விழுவார்கள், பீப்பாயை உடைத்தால் சாப்பாடு கிடைக்கும், விழுந்தவன் காயின் போட்டதும் அங்கேயே எழுந்து நிற்பான். திரையில் இருப்பவர்கள் பேசாவிட்டாலும் அதைச் சுற்றி நின்ற பையன்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். திருவுந்தியாரில் அடிபட்ட தேவர்கள் வாய்திறக்காவிட்டாலும் ஆடும் பெண்கள் பேசுவதைப் போலவே. டாட்டூ அசாசின்ஸ் தன் முழுப் பந்தயத்தையும் அந்தப் பேச்சும் ஆட்டமும் நின்றுபோகும் சில விநாடிகளின் மீது வைத்தது. அதுதான் அதன் பிழை.

செனட்டர்களின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. நடிகர்களின் நிழற்படத்தைத் திரையில் இறக்கியபோது, அடிபடுவது வெறும் தோல்தான், வெறும் கோடுதான் என்ற நிம்மதி குறைந்துபோனது. ஆனால் வேடிக்கை வன்முறை முழுவதும் கொடுமையைப் பழக்குகிறது என்ற குற்றச்சாட்டை ஏற்க முடியாது. நம் சினிமாவே இதற்குப் பதில். அமெரிக்காவில் இந்த விவாதம் நடந்த அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கவுண்டமணி செந்திலை உதைத்துக்கொண்டிருந்தார். 1989இன் கரகாட்டக்காரன் வாழைப்பழக் காட்சியில் செந்திலின் வாதம் இல்லாவிட்டால் கவுண்டமணியின் கோபத்துக்கு என்ன பொருள்? உச்சிக்குடும்பன் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த இரட்டையர் அவர்கள். நிறத்தையும் உருவத்தையும் இழித்துப் பேசும் வசவுகள் அந்தக் காட்சிகளில் நிறைய உண்டு. நாட்டார் கூத்துகளின் நகைச்சுவையிலும் பெண்களும் எளியவர்களும் பட்ட பாடு அதிகம். இதை மறைப்பது வரலாறு எழுதுபவனுக்கு அழகில்லை. ஆனால் என் அளவுகோலால் அந்தக் குறையையும் அளக்க முடியும். எங்கே அடிபட்டவனுக்குப் பதில் இருக்கிறதோ அங்கே நாம் அவனோடும் சேர்ந்து சிரிக்கிறோம். ஒரு பெண்ணையோ ஒரு சாதியையோ பதில் பேசவிடாமல் கேலி செய்த இடங்கள்தான் இன்று பார்க்கும்போது கூசுகின்றன. அவை அன்றும் பலரைக் கூசவைத்திருக்கும், சொல்ல அவர்களுக்கு முறை வாய்க்கவில்லை.

வடிவேலு இந்த மரபை ஒரு படி மேலே கொண்டுபோனார். அவருடைய பல காட்சிகளில் அடி திரைக்கு வெளியே நடந்துவிடும். வாங்கியவர் வந்து எப்படி அடித்தார்கள் என்று விவரிப்பதுதான் காட்சி. அடியை அறவே நீக்கிவிட்டு அடிபட்டவனின் பேச்சை மட்டும் வைத்துக்கொண்ட கலை அது. 2001இல் வந்த ஃப்ரெண்ட்ஸ் படத்தில் பெரிய வீட்டில் வெள்ளையடிக்கப் போன கான்ட்ராக்டர் நேசமணியாக வரும் அவர் தலையில் சுத்தியல் விழுகிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று யாரோ முகநூலில் கேட்க, ஒரு தமிழர் இது சுத்தியல், நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று பதில் எழுதினார். இன்னொருவர், அவர் இப்போது நலமாக இருக்கிறாரா என்று விசாரித்தார். அதன்பின் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் வாசகம் ட்விட்டரில் உலகெங்கும் ஓடியது. அந்தச் சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பேசியது சுத்தியலைப் போட்டவரைப் பற்றி இல்லை. வாங்கியவர் எப்படி இருக்கிறார், எழுந்துவிட்டாரா, பேசுகிறாரா என்றுதான் கேட்டார்கள்.

(தொடரும்)